கொஞ்சம் பொறு, இதோ வரேன்

கண்டக்டர் வீட்டில் குடியிருப்பது இரண்டே பேர். ஆனால் கேட்பது மூன்று குரல். ஒன்று கண்டக்டருடைய மனைவியின் குரல். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் படுக்கும்வரை அது ஓயாது. இரண்டாவது கண்டக்டருடையது. அது ஒரு டேப்லட்டுக்குள், ‘என் குரல்’ என்று பெயர் போட்ட ஃபோல்டரில் இருந்தது. மூன்றாவது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. டேப்லட்டோடு கூட வந்த குரல் அது. எதை எழுதிப் போட்டாலும் செய்தி வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசிக்கும். கண்டக்டரின் மனைவி அதற்கு வைத்திருந்த பெயர் ‘அந்த ஆள்’.

“அந்த ஆளை வாய மூடச் சொல்லுங்க. அவன்கிட்ட எனக்குப் பேச்சே கிடையாது” என்பாள். சொன்னபடியே பேசவும் மாட்டாள். அந்த ஆள் “டீ வேண்டும்” என்று எத்தனை முறை கேட்டாலும் அடுப்புப் பக்கம் போக மாட்டாள். கண்டக்டர் தன் சொந்தக் குரலைத் தேடி எடுத்துத் தட்டினால்தான் டீ வரும்.

கண்டக்டர் என்று இப்போது கூப்பிடுவதற்கு நியாயமில்லைதான். பஸ்ஸை விட்டு இறங்கி நாளாகிவிட்டது. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். என்ன குரல் அது! அவர் “ரைட்” என்றால் பின்னால் நிற்கிற பஸ்ஸும் சேர்ந்து கிளம்பிவிடும் என்று டிப்போவில் கேலி பேசுவார்கள். அந்தக் குரலுக்குத் துணையாக சிகரெட்டும் பிடித்தார். விடச் சொல்லி அவர் மனைவி தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் தொண்டை போனது அவருக்குத்தான். புற்று வந்த இடத்தோடு குரல்வளையையும் எடுத்துவிட்டு, கழுத்தில் மூச்சுக்கு ஒரு ஓட்டை வைத்து அனுப்பினார்கள். அவருடைய விசில் இன்னும் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஊதுவதற்கான காற்றுகூட இப்போது வாய்ப் பக்கம் வருவதில்லை.

அதற்கு முன்பே அவளுக்குக் கண் போயிருந்தது. சர்க்கரை கண்ணுக்கு ஏறி, முதலில் எழுத்து மறைந்தது, பிறகு முகம் மறைந்தது, பிறகு வெளிச்சமே மறைந்தது. ஆகவே அவளுக்குப் புருஷன் என்பது ஒரு குரல். வேறு எதுவும் மிச்சமில்லை. அந்தக் குரலையும் அறுக்கப் போகிறார்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவள் அழவில்லை. “அறுக்கறதுக்கு முன்னாடி அத எங்கயாவது பிடிச்சு வைக்க முடியுமா?” என்று கேட்டாள்.

முடியும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். மகன் வாங்கிக் கொடுத்த டேப்லட்டில் பதிவு செய்யச் சொல்லித் தந்து, வழக்கமான வாக்கியங்கள் அடித்த ஒரு தாளையும் நீட்டினாள். எனக்குத் தண்ணீர் வேண்டும், எனக்கு வலிக்கிறது, விளக்கை அணைக்கவும். கண்டக்டர் பஸ்ஸில் எழுதியிருக்கும் விதிகளை வாசிப்பதுபோல வாசித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“இதெல்லாம் எந்த மெஷினும் சொல்லிடும்மா. இவர் மட்டும் சொல்றது இருக்கே, அத எடுங்க” என்றாள். பிறகு அவளே பெரிய மேஸ்திரி மாதிரி வேலை வாங்க ஆரம்பித்தாள். ராத்திரி படுக்கும் முன்னால் கதவு பூட்டினாயா என்று கேட்பீர்களே, அதைச் சொல்லுங்கள். பேப்பரில் ஏதாவது படித்துவிட்டு ‘நாசமாப் போச்சு’ என்பீர்களே, அது. குளிக்கப் போகும் முன்னால் கனைப்பீர்களே, அது. பஸ்ஸில் கத்துவது வேண்டும் என்றாள். “உள்ள போங்க, உள்ள போங்க, படியில தொங்காதீங்க” என்று ஆஸ்பத்திரி அறையில் அவர் கத்தியதில் வெளியே நின்ற நர்ஸ் உள்ளே வந்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, அவளைக் கூப்பிடும் கூப்பாடு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மகாராணி’ என்றுதான் கூப்பிடுவார். பாதி கிண்டல், பாதி கெஞ்சல், அதற்கென்று ஒரு ராகம். அதைப் பத்துத் தடவை சொல்ல வைத்து, பிடித்ததை வைத்துக்கொண்டாள். கடைசியில் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “போதும் விடு, இப்பவே செத்தா போகப்போறேன்?” என்று எரிந்து விழுந்தார். அதுவும் பதிவாகிவிட்டது. பிற்பாடு அவள் அதிகம் கேட்டது அந்த எரிச்சலைத்தான். வீட்டில் சும்மா இருக்கும்போது, “அந்தச் செத்தா போகப்போறேனைப் போடுங்க” என்பாள். போட்டால் சிரிப்பாள்.

பதிவு செய்யாத விஷயங்களுக்கு அந்த ஆள்தான் கதி. கடைக்காரரிடம், டாக்டரிடம், போனில். கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்கத் தெரிந்த விரல், எழுத்துத் தட்டத் தெரியாத விரல். ஒரு வரி தட்டுவதற்குள் எதிரே நிற்பவர் கொட்டாவி விட்டுவிடுவார். ஆகவே மகன் ஒரு வழி சொல்லிக்கொடுத்தான். அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது. வேண்டியதன் மேல் விரலை அழுத்தினால் ‘நகலெடு’ என்று வரும். அதைத் தட்டிவிட்டு, பேசும் பக்கத்துக்குப் போய் மறுபடி அழுத்தினால் ‘ஒட்டு’ என்று வரும். ஒட்டினால் அந்த ஆள் வாசித்துவிடுவான். கண்டக்டர் இதில் கைதேர்ந்துவிட்டார். அழைப்பு மணி அடித்தால், எழுந்திருக்கும் முன்பே அந்த ஆள் கத்திவிடுவான். அந்தப் பக்கத்தில் முதல் வரியாக இருந்தது “கொஞ்சம் பொறு, இதோ வரேன்.” வாழ்நாள் முழுவதும் மனைவியிடம் அவர் அதிகம் சொன்ன வாக்கியமும் அதுதான். “இதோ வரேன்னு சொல்லிட்டு ஒரு நாளாவது வந்திருக்காரா?” என்று அவள் மகனிடம் முறையிடுவாள்.

அவர்களுக்குள் மட்டும் இன்னொரு பேச்சும் உண்டு. அவள் உள்ளங்கையில் அவர் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. பஸ்ஸில் ஒரு விசிலுக்கு நில், இரண்டு விசிலுக்குப் போ என்று பழகிய மனுஷன், ஆரம்பத்தில் குழம்பிப்போய் வேண்டாத டீயை எல்லாம் குடித்தார். பிறகு சரியாகிவிட்டது. வெளியே போனால் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். அவர் கண், அவள் வாய். ஒருத்தருக்கு மற்றவர் இல்லாவிட்டால் தெருமுனைகூடத் தாண்ட முடியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி டேப்லட் நிரம்பிப் போனதில் நின்றது.

சேமிக்க இடமில்லை, சேமிக்க இடமில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு திணற ஆரம்பித்தது. ‘மகாராணி’யைத் தட்டினால் ‘மகா’ என்று சொல்லிவிட்டு விக்கி நின்றது. அவள் பயந்துபோய்விட்டாள். “என்னங்க, உங்களுக்கு அங்கயும் தொண்டை கட்டுதா?” என்றாள்.

என்ன போட்டு நிரப்பி வைத்திருந்தார் என்று கேட்கிறீர்களா? காலை வணக்கம். டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் விடிந்தால் ஆளுக்கொரு படம் அனுப்புவார்கள். ரோஜாப்பூ, சூரியன், டீக் கோப்பை, மேலே ஒரு நல்ல வார்த்தை. மனுஷருக்கு எதையும் அழிக்க மனசு வராது. “பாவம், நினைச்சு அனுப்பறான்” என்று இருந்திருக்கும். அந்தப் பூங்கொத்துகளை ஒரு மத்தியானம் உட்கார்ந்து அழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

மகன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அம்மா போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, டேப்லட்டில் செருகுகிற மாதிரி ஒரு பென் டிரைவை வாங்கி அனுப்பினான். “அப்பாவோட குரல் ஃபோல்டரும் பெரிசா இருக்கும். முக்கியமானதும் அதுதான். அத வெளிய எடுத்து இதுல வச்சுட்டா பத்திரமும் ஆச்சு, இடமும் ஆச்சு. ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லித் தரேன்” என்றான். நேரில் வந்து செய்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவனுக்கும் பிற்பாடு தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் டேப்லட், அதன் பக்கவாட்டில் பென் டிரைவ். மனைவியின் போனை ஸ்பீக்கரில் போட்டு ஓரமாக வைத்தார்கள். அவளுடைய இடது உள்ளங்கை மேஜைமேல் விரிந்து கிடந்தது. கண்டக்டர் தட்டுவதை அவள் போனில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

“அப்பா, ஃபோல்டர் மேல விரலை அழுத்திப் பிடிங்க. நகலெடுன்னு வருதா?”

ஒரு தட்டு. “வருதாம்டா” என்றாள் அவள்.

“அதைத் தட்டுங்க. அவ்வளவுதான், இப்போ மொத்தமும் அதோட ஞாபகத்துல இருக்கு. அடுத்தது பென் டிரைவைத் திறக்கணும். ஓரத்துல பேர் இருக்கும் பாருங்க.”

ஓரத்தில் பெயர் இருந்தது. ஆனால் ஒன்று இல்லை, இரண்டு இருந்தன. இரண்டும் வாயில் நுழையாத எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள். எது பென் டிரைவ்? கண்டக்டர் கையைத் தூக்கினார். மகனுக்கு அது தெரியுமா? “திறந்துட்டீங்களா? திறந்ததும் காலியா இருக்கும். அங்க வெறும் இடத்துல விரலை அழுத்தினா ஒட்டுன்னு வரும்...” என்று அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். கண்டக்டர் மனைவியின் உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார்.

“இல்லையாம்டா.”

“என்ன இல்லை? பேர் இல்லையா? ஒட்டு இல்லையா?”

“என்னங்க இல்ல?”

இதற்கு எத்தனை தட்டு தட்டுவது? பார்க்கத் தெரிந்தவருக்குச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்தவளுக்குப் பார்க்க முடியவில்லை. போனுக்குள் இருந்தவன் இரண்டும் இருந்து இங்கே இல்லை. “அப்பா? அம்மா, அப்பா என்ன பண்றாரு? எதையாவது மாத்தித் தட்டிடப் போறாரு” என்று மகன் பதறினான். எல்லோரையும் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் போதும், பொறுமையாகப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று கண்டக்டருக்குப் பட்டது. நிறுத்தி வைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விரல் பழக்க தோஷத்தில் தானாகவே போயிற்று. வாக்கியப் பக்கத்தைத் திறந்தார். முதல் வரியை அழுத்தினார். நகலெடு. பேசும் பக்கம். ஒட்டு.

“கொஞ்சம், பொறு. இதோ, வரேன்” என்றான் அந்த ஆள், கணீரென்று.

“சரிப்பா, சரிப்பா. மெதுவாப் பண்ணுங்க” என்று மகன் அடங்கினான். அவள் மட்டும், “இவன் எதுக்கு நடுவுல?” என்று முகத்தைச் சுளித்தாள்.

டேப்லட்டுக்கு ஞாபகம் என்று மகன் சொன்னானே, அது ஒரு கைப்பிடிதான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். அடுத்ததை எடுத்தால் முந்தியதைப் போட்டுவிடும். போடும்போது சத்தம்கூட வராது. கண்டக்டருக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. தினமும் வாக்கியங்களை ஒன்று மாற்றி ஒன்று நகலெடுத்து ஒட்டுகிறவர் அவர். ஆனால் வாக்கியம் வேறு, ஃபோல்டர் வேறு என்று நினைத்திருந்தார். ஒன்று தாளில் எழுதியது, மற்றது இத்தனை வருஷம் உடம்புக்குள் இருந்தது. இரண்டையும் ஒரே கை பிடிக்கும் என்று யார் நினைப்பார்கள்?

மறுபடி பழைய இடத்துக்கு வந்து இரண்டு பெயரையும் திறந்து பார்த்தார். காலியாக இருந்ததுதான் பென் டிரைவ். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் வெறும் இடத்தில் விரலை அழுத்தினார். ஒட்டு என்று வந்தது. தட்டினார். உடனே ஒரு சின்னப் படம் வந்து உட்கார்ந்தது.

“வந்துடுச்சாப்பா? கீழ ஒரு உருப்படின்னு காட்டும். காட்டுதா?”

கீழே ‘1 உருப்படி’ என்றுதான் காட்டியது. ஃபோல்டரும் ஒன்றுதானே. கண்டக்டர் அவள் உள்ளங்கையில் பலமாக ஒரு தட்டு தட்டினார்.

“காட்டுதாம், காட்டுதாம்” என்று அவள் சிரித்தாள்.

“அப்பாடா. இப்போ பழைய இடத்துல இருக்கறத நீக்கிடுங்க. நீக்கினாலும் அது குப்பையில போய் இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும். சமீபத்தில் நீக்கியவைன்னு ஒன்னு இருக்கும், அதையும் காலி பண்ணிடுங்க.”

நிரந்தரமாக நீக்கவா, பிறகு மீட்க முடியாது என்று டேப்லட் கேட்டது. அது தன் கடமையைச் செய்தது. கண்டக்டர் வண்டி நிறைந்ததும் விசில் கொடுக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, நீக்கு என்பதைத் தட்டினார். இடம் வந்துவிட்டது. டேப்லட் கன்றுக்குட்டி மாதிரி ஓட ஆரம்பித்தது. “பாத்தீங்களா, அப்பாவே பண்ணிட்டாரு” என்று மகன் பாராட்டிவிட்டுப் போனை வைத்தான்.

“எங்க, மகாராணியப் போடுங்க. விக்காம வருதான்னு பார்க்கலாம்” என்றாள் அவள்.

கண்டக்டர் பென் டிரைவுக்குள் போய் அந்தச் சின்னப் படத்தைத் தட்டினார். வெள்ளைத் தாள் ஒன்று விரிந்தது. அதில் ஒரே வரி. கொஞ்சம் பொறு, இதோ வரேன்.

மூடிவிட்டு மறுபடி திறந்தார். அதே வரி. பழைய இடத்துக்கு ஓடினார். அங்கே ஒன்றுமில்லை. குப்பைக்குப் போனார். அது துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கழுத்து ஓட்டையில் மூச்சு சீறியது. கத்த வேண்டும்போல இருந்தது, கத்துவதற்கு இருந்த ஒரே இடத்தையும் அவரே காலி பண்ணியிருந்தார்.

“என்னங்க, மூச்சு வாங்குது? போடுங்கன்னேன்.”

அவள் கையை எடுத்து இரண்டு தட்டு தட்டினார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி அந்த ஆளிடம் கொடுத்தார். “சத்தம் வருவதில் ஏதோ கோளாறு. கடையில் காட்ட வேண்டும்.” அந்த ஆள் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அவன் சொல்வது எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்.

மகனுக்கு எழுதினார். “வேற எங்கயும் காப்பி இல்லையாப்பா?” என்று பதில் வந்தது. அவன்தான் அடுத்த தடவை வரும்போது ஒரு காப்பி எடுத்து வைக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருந்தான். அது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அதற்குமேல் எதுவும் எழுதவில்லை. ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கும் எழுதினார். நோயாளிகளின் பதிவுகளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. நல்ல பெண், மன்னிக்கவும் என்பதை இரண்டு முறை எழுதியிருந்தாள். இந்த டேப்லட் வருவதற்கு முன்னால் எடுத்த பதிவு ஏதாவது உண்டா என்று மூளையைக் கசக்கினார். பஸ்ஸிலிருந்து இறங்குகிற அவசரத்தில் கண்டக்டர் குரலை யார் பிடித்து வைப்பார்கள்? எத்தனை ஆயிரம் பேர் காதில் விழுந்த குரல்! ஒருத்தர்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

மிச்சமிருந்தது கடைதான். தனியாகப் போகலாம் என்று பார்த்தார், அவள் விடவில்லை. “நான் வராம யார் பேசுவா? அந்த ஆளா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். இதையும் எதிர்பார்த்து, கண்டக்டர் வாக்கியப் பக்கத்தில் ஒரு வரி தட்டி வைத்திருந்தார். ‘தம்பி, எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லாதே. இவளுக்குத் தெரியாது. எழுதிக் காட்டு.’ அதை அந்த ஆளிடம் கொடுக்காமல், திரையை மட்டும் திருப்பிக் காட்டுவது என்று திட்டம். தன் புத்திசாலித்தனத்தில் அவருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்திருந்தது.

கடை என்றால் ஒரு ஆள் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய இடம். கண்ணாடிப் பலகைக்குப் பின்னால், நெற்றியில் விளக்குக் கட்டிய ஒருவர் எதையோ திறந்து போட்டு ஊதிக்கொண்டிருந்தார். கண்டக்டர் பையிலிருந்து டேப்லட்டை எடுத்தார். பக்கத்தைத் திறப்பதற்குள் கடைக்காரர் கையை நீட்டி, “குடுங்க சார்” என்று வாங்கிவிட்டார்.

அவ்வளவுதான். கண்டக்டரின் வாய் இப்போது கடைக்காரர் கையில் இருந்தது.

“தம்பி, பார்த்துப் பண்ணுங்க. எங்க வீட்டுக்காரர் குரல் அதுக்குள்ளதான் இருக்கு” என்றாள் அவள், பலகையைத் தடவிப் பிடித்துக்கொண்டு. “சத்தம் வரலயாம்.”

“குரலாம்மா?” கடைக்காரர் ஒரு ஒயரைச் செருகி, எதிரே இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்டக்டர் எக்கிக் கையை நீட்டினார். “இருங்க சார், அவசரப்படாதீங்க” என்று கடைக்காரர் அந்தக் கையை ஒதுக்கினார். கண்டக்டர் பையைத் துழாவினார், சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். பேனா இல்லை. கண்ணாடிப் பலகையைத் தட்டினார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கடைக்காரர் குனிந்துவிட்டிருந்தார்.

“சத்தம் எல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. ‘என் குரல்’னு ஒன்னு இருந்திருக்கு, பழைய லிஸ்ட்ல பேர் மட்டும் நிக்குது. அத அழிச்சிருக்காங்க. அழிச்சதோட விடாம குப்பையையும் காலி பண்ணியிருக்காங்க. இந்த மாடல்ல அப்படிப் பண்ணிட்டா ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாதும்மா.” அவர் நிமிர்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “படமெல்லாம் பத்திரமா இருக்கு. நிறைய குட்மார்னிங் இருக்கு” என்றார். பிறகு, “யாரும்மா அழிச்சது? வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?” என்று கேட்டார்.

பலகையைப் பிடித்திருந்த அவள் கை இறங்கியது.

“இல்ல தம்பி. சின்னப் பசங்க யாரும் இல்ல” என்றாள். கையைப் பின்பக்கம் நீட்டி, கண்டக்டர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. படி இருக்கிறதா என்று மட்டும் இரண்டு இடத்தில் கேட்டாள். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்டக்டருக்கு அதைத் தாங்க முடியவில்லை. மேஜையில் டேப்லட்டை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். எப்படி நடந்தது, இரண்டு பெயர் இருந்தது, யாரிடமும் கேட்க முடியவில்லை, ஒரு நிமிஷம் எல்லோரையும் நிறுத்தி வைக்கத்தான் அந்த வரியை எடுத்தேன், தப்பு என்மேல்தான். இருட்டத் தொடங்கும்வரை எழுதினார். எழுதியதை அந்த ஆளிடம் கொடுத்தார்.

அந்த ஆள் ஆரம்பத்திலிருந்து வாசித்தான். தப்பு, என்மேல்தான் என்று செய்தி முடிக்கிற மாதிரி முடித்தான்.

“உங்க தப்புக்கு அவனை எதுக்குங்க மன்னிப்புக் கேக்க வைக்கிறீங்க?” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. “அதை மூடி வைங்க.”

மூடி வைத்தார். அவள் எழுந்து தடவிக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது உள்ளங்கையை விரித்து அவர் மடியில் வைத்தாள்.

“நான் சொல்லிப் பார்க்கறேன். சரியா இருக்கான்னு சொல்லுங்க” என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “மகாராணி” என்றாள்.

கண்டக்டர் இரண்டு தட்டு தட்டினார்.

“சரி, இழுப்பீங்கல்ல. மகாராஆணி.”

இரண்டு தட்டு.

“கடைசியில இழுப்பீங்களோ? மகாராணீஇ.” அவளுக்கே சிரிப்பு வந்தது. “இது யாரோ ஏலம் போடற மாதிரி இருக்கு.”

இரண்டு தட்டு. அவருக்கு அது எப்படி என்று தெரியும். நடுவில் சில்லறை கொடுக்க மறந்த மாதிரி ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் கடைசி எழுத்தை அலட்சியமாகக் கீழே போடுவார். காதுக்குள் துல்லியமாகக் கேட்டது. வாயைத் திறந்து உதட்டை அப்படியே குவித்தார். கழுத்திலிருந்து வெறும் காற்று வந்தது. அவளோ அவர் வாயைப் பார்க்க முடியாதவள்.

அவள் மறுபடி மறுபடி சொன்னாள். மேலே ஏற்றிச் சொன்னாள், இறக்கிச் சொன்னாள், கோபமாகச் சொன்னாள். சிரிப்பு எப்போதோ போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் அசல் இன்னும் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் அவள் குரல் உடைந்தது. “தினம் தினம் கேட்டதுதாங்க. போன வாரம்கூடக் கேட்டேன். அதுக்குள்ளயா என் காதுலேர்ந்து போயிடும்? எங்கயோ ஒரு இடத்துல நிறுத்துவீங்க... மகா... ராணி.”

அது கிட்டத்தில்கூட இல்லை. கண்டக்டர் அவள் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினார்.

“இதுவா?” அவள் முகத்தைத் திருப்பினாள். “நிஜமாவா? இதுதானா?”

இன்னொரு முறை, அழுத்தமாக, ஒரு தட்டு.

அவள் முகம் தெளிந்தது. மறந்துவிடக் கூடாதே என்று அதை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். விளக்கை அணைத்த பிறகும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவர் எழுந்தபோது அவள் அடுப்படியில் டீ போட்டபடி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், அதே தப்பான இடத்தில் நிறுத்தி. கண்டக்டர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தான் கூப்பிட்ட கூப்பாட்டை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் அவள் சொன்னபடிதான் கேட்டது.